சுவரில் ஒரு சில்வண்டு

தோஹா,
2 பிப்ரவரி 1986

அன்புள்ள கௌஸர் அக்காவுக்கு,

தம்பி ரிஃப்அத்தின் ஸலாம். இறைவன் அருளால் நான் இங்கே நலம். உன் சுகத்தையும், ஊரில் உம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதையும் அறிய ஆவல்.

நான் வந்து இருபது நாளாகிறது. ஓர் அறையில் ஐந்து பேர், அதில் மூன்று பேர் குறட்டைக்காரர்கள். புதிதாகக் கட்டும் ஒரு ஹோட்டலில் மின்கம்பி இழுக்கிற வேலை. முதலாளி வேறு யாருமல்ல, நம் ஒப்பந்தக்காரர் ஹாஜி ஷின்னாவியின் சொந்தத் தம்பி. ஹாஜி ஒரு வார்த்தை சொன்னார், விசா கைக்கு வந்துவிட்டது.

நாம் பிரெய்ல் எழுதும் பழைய புள்ளிச் சட்டத்தையும் குத்தூசியையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் அதிகாரி குத்தூசியை எடுத்து, “இது என்னய்யா ஆயுதம்?” என்றார். “எங்க அக்காகிட்ட நான் பேசற வாய் சார் அது” என்றேன். நம்பவில்லை. ஒரு தாளில் அவர் பெயரைக் குத்திக் கொடுத்த பிறகுதான் விட்டார். சின்ன வயதில் செருப்புப் பெட்டி அட்டையைக் கிழித்து, உம்மாவின் எதிரிலேயே உம்மாவைத் திட்டி எழுதிக்கொள்வோமே, நினைவிருக்கிறதா? மையில் எழுதினால் அலுவலகத்தில் யாராவது உனக்குப் படித்துக் காட்ட வேண்டும். இது உன் விரலுக்கும் எனக்கும் மட்டும்.

மன்சூரா பயிற்சி நிலையம் எப்படி இருக்கிறது? நான் இரண்டு மாதம் கம்பி பார்த்த கட்டடத்தில் என் அக்கா நடமாடுகிறாள் என்பதில் எனக்குள்ள பெருமை கொஞ்சநஞ்சமல்ல. காது கேளாதவர்களின் பள்ளியாக இருந்த இடம் அது. அவர்கள் புதுக் கட்டடத்துக்குப் போனதும் உங்களுக்கு ஒதுக்கினார்கள். சுவரில் சுண்ணாம்பும் கதவில் பச்சை வண்ணமும்தான் புதிது. தண்ணீர் பம்பு, லிஃப்ட், கம்பிகள், விளக்குகள் எல்லாம் பழையவை. “இருக்கறதை இருக்கறபடியே விடுப்பா. ஓடுதா இல்லையான்னு மட்டும் பாத்து எழுதிக் குடு” என்றார் ஹாஜி. எல்லாம் ஓடின. விமானம் ஏற மூன்று நாள் இருக்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உடன் பதில் போடு.

உன் தம்பி,
ரிஃப்அத்


மன்சூரா,
20 பிப்ரவரி 1986

அருமைத் தம்பி ரிஃப்அத்துக்கு,

அக்காவின் ஸலாமும் துஆவும். நான் நலம். உம்மாவின் முழங்கால் வழக்கம்போல் மழைக்கு முன்னால் அழுகிறது. “முப்பத்தோரு வயசுல படிக்கக் கிளம்பினவளைப் பாத்திருக்கீங்களா?” என்று பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொல்லிக் கொண்டிருக்கிறாளாம். பெருமையாகச் சொல்கிறாளா புலம்புகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் இருக்கும்.

உன் கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன், கேள். கதவுகள் கனமானவை, சத்தமே இல்லாமல் திறக்கின்றன. யார் உள்ளே வந்தார்கள் என்று தெரிவதற்குள் அவர் நம் மேலேயே வந்து மோதிவிடுகிறார். மாடியில் தரை மரப்பலகை. அந்தக் காது கேளாத பிள்ளைகளைக் கூப்பிட வாத்தியார் காலால் தரையில் உதைப்பாராம், அதிர்வு அவர்கள் பாதத்துக்குப் போகுமாம். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. முதல் வாரம் நாங்கள் எல்லோரும் அழுத்தி அழுத்திப் பார்த்தோம். உள்ளே விளக்கு மின்னுகிறது என்று பிறகு அலுவலக எழுத்தர் ஸிஹாம் வந்து சொன்னாள். என் அறைத்தோழி தஹானி இருக்கிறாளே, வாய் சும்மா இருக்காது அவளுக்கு. “அவங்க கழட்டிப் போட்ட சட்டையை நமக்கு மாட்டி விட்டிருக்காங்கக்கா. கை போற இடத்துல கழுத்து இருக்கு” என்றாள்.

மணி என்று இங்கே எதுவும் கிடையாது. வாசல் காவல்காரர் பயூமி சாச்சாதான் எங்கள் மணி. வகுப்பு முடிந்தால் மாடிப்படியில் நின்று, “விட்டாச்சு, விட்டாச்சு! பருப்புக் கஞ்சி ஆறுது, வாங்க ராணிகளா!” என்று கத்துவார்.

யாராவது பொத்தானை அழுத்தும்போது தாழ்வாரச் சுவருக்குள் ஏதோ டிக், டிக் என்று நாலைந்து தடவை கத்திவிட்டு அடங்கும். சில்வண்டு மாதிரி. கண் தெரிந்தவர்கள் யாருக்கும் அது கேட்கவில்லை. நீ கம்பி பார்த்தவனாயிற்றே, அது என்ன?

டெலிபோன் பலகையில் நாற்பது இணைப்புகளைக் கையால் தடவியே போடக் கற்றுக்கொண்டுவிட்டேன். வலது கை இணைப்பைப் போடும், பிறகு அதே கை செய்தியைப் புள்ளியில் குத்தும். ஆசிரியை என் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்து, “இது ஒண்ணு போதும்மா, நீ பொழச்சிக்குவே” என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
கௌஸர்


தோஹா,
14 மார்ச் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நலம். நலமறிய ஆவல்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பதில் எழுத இரண்டு வாரமானதற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

திங்கட்கிழமை ஹோட்டலில் புதிதாக மாட்டிய ஒரு மணியைச் சோதித்துப் பார்த்தார்கள். காது கிழிகிற சத்தம். ஏணியில் நின்ற நான் கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டுவிட்டேன். மேஸ்திரி, “என்னய்யா, பேயைப் பாத்தவன் மாதிரி நிக்கறே?” என்று கேட்டார். பழக்கமில்லை என்றேன்.

அந்தச் சில்வண்டு ஒன்றுமில்லை. விளக்கை மின்ன வைக்கிற சின்னப் பெட்டி, பழையது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அது எப்போதாவது நிற்காமல், வேகமாகக் கத்திக்கொண்டே இருந்தால், என்ன ஏது என்று யாரையும் கேட்காதே. உடனே படியிறங்கி முற்றத்துக்குப் போய்விடு. தஹானியையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போ. பழைய கம்பி, ஷாக் அடிக்கலாம், அதற்காகச் சொல்கிறேன். உன் கட்டில் எங்கே இருக்கிறது? படிக்குப் பக்கத்தில் மாற்றிக் கேள். பின்படி எத்தனை அடியில் வருகிறது என்று எண்ணி வைத்துக்கொள்.

ஹாஜி ஷின்னாவிக்கும் ஒரு சின்ன விஷயமாக எழுதியிருக்கிறேன். பார்த்துக்கொள்வார்.

உன் தம்பி,
ரிஃப்அத்


மன்சூரா,
2 ஏப்ரல் 1986

அருமைத் தம்பிக்கு,

ஸலாம். நலம்தானே? உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உன் உடம்பு மேல்தான் சந்தேகம் வந்தது. வெளிநாடு போன இரண்டே மாதத்தில் உம்மாவாக மாறிவிட்டாய். கட்டிலை மாற்று, படியை எண்ணு, ஷாக் அடிக்கும், ஓடு! தஹானியிடம் சொன்னேன். “உங்க தம்பி அங்க என்ன வேலை பாக்கறாரு, பயந்துக்கற வேலையா?” என்றாள்.

ஆனாலும் கட்டிலை மாற்றிக்கொண்டேன். பின்படி முப்பத்தாறு அடியில் வருகிறது. அந்தக் கதவில் இரும்புத் தாழ்ப்பாள், கொஞ்சம் முரண்டு பிடிக்கும். போதுமா?

ஒரு நல்ல செய்தி. ஜூலையில் அரசு மருத்துவமனையில் டெலிபோன் இயக்குபவர் வேலை ஒன்று காலியாகிறது. இயக்குநர் மம்தூஹ் என் பெயரை அனுப்பியிருக்கிறார். ரிஃப்அத், நான் சம்பளம் வாங்கி உம்மாவுக்கு ஒரு நல்ல மெத்தை வாங்கப் போகிறேன். யாரும் எனக்காக வாங்கித் தராமல், நானே.

ஹாஜிக்கு என்ன சின்ன விஷயம் எழுதினாய்? நீ ‘சின்ன விஷயம்’ என்று சொன்னால் அது சின்னதாக இருந்ததே கிடையாது. வாப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் போட்டபோதும் இப்படித்தான் சொன்னாய்.

அக்கா,
கௌஸர்


தோஹா,
30 ஏப்ரல் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். இங்கே நலம். மருத்துவமனை வேலைச் செய்தி படித்துக் கண் கலங்கிவிட்டது. உனக்கு அது கிடைக்கும்.

ஹாஜியிடமிருந்து பதில் இல்லை. மறுபடியும் எழுதியிருக்கிறேன். இங்கே அவர் தம்பியிடம் பேச்செடுத்தேன். “அண்ணன் முடிச்ச வேலையைப் பத்தி நீ ஏன் இங்க உக்காந்து கவலைப்படறே? விசா வேணுமா வேணாமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்தேன்.

நீ ஒரு உதவி செய். கட்டடத்தின் தீ எச்சரிக்கையை ஒரு தடவை சோதித்துப் பார்க்கச் சொல்லி இயக்குநரிடம் கேள். உனக்கே தோன்றிய மாதிரி கேள். என் பெயரைச் சொல்லாதே.

ரமலான் வருகிறது. உம்மா கையால் கதாயிஃப் இனிப்பு சாப்பிடாத முதல் ரமலான் எனக்கு.

ரிஃப்அத்


மன்சூரா,
17 மே 1986

அருமைத் தம்பிக்கு,

ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? அந்த வெயிலில் ஏணி ஏறி நோன்பு பிடிக்கிறாய் என்று நினைத்தால் எனக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது.

இங்கே நோன்புக் களை கட்டியிருக்கிறது. தெருவெல்லாம் விளக்குத் தோரணம் என்கிறார்கள். பயூமி சாச்சா நேற்று தஹானிக்கு ஒரு தகர லாந்தர் வாங்கிக் கொடுத்தார். “எனக்கு எதுக்கு சாச்சா?” என்றாள். “நீ தூக்கிக்கிட்டு நடம்மா, எதிர்ல வர்றவனுக்கு நீ இருக்கறது தெரியட்டும்” என்றார். அவள் அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்தை இரண்டு தடவை சுற்றி வந்தாள்.

நீ சொன்னபடி இயக்குநரிடம் கேட்டேன். கூர்ந்து கேட்டுவிட்டுச் சிரித்தார். “திறப்பு விழாவுக்கு முன்னாடியே அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டாரும்மா. பட்டனை அமுக்கினாங்க, சிவப்பு விளக்கு அத்தனையும் மின்னிச்சு. என் கண்ணாலேயே பாத்தேன். சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டது யாரு தெரியுமா? உங்க தம்பிதான்!” என்றார். ஸிஹாம்கூடச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்தேன்.

அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. விளக்கு மின்னியது என்றார். சரி. அப்புறம்?

ரிஃப்அத், ஹாஜிக்கு நீ என்னதான் எழுதினாய்?

அக்கா,
கௌஸர்


தோஹா,
1 ஜூன் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உன் கடிதம் முந்தாநாள்தான் கிடைத்தது. முன்கூட்டியே பெருநாள் வாழ்த்து. உம்மாவின் கையை எனக்காக முத்தமிடு.

நீ கேட்டதற்குக் கடிதத்தில் பதில் எழுத முடியாது. செப்டம்பரில் விடுமுறை. நேரில் வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். அதுவரை கட்டிலை மாற்றாதே. இதை உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ரிஃப்அத்


மன்சூரா,
12 ஜூன் 1986
(மையில் எழுதியது)

மதிப்புக்குரிய சகோதரர் ரிஃப்அத் அவர்களுக்கு,

ஸலாம். பெருநாள் வாழ்த்துகள். நானும் உம்மாவும் நலமாக இருக்கிறோம். என் கையில் சின்னக் கொப்புளம் வந்திருப்பதால் ஸிஹாமிடம் சொல்லி எழுதச் சொல்கிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.

சில்வண்டு பற்றி நீங்கள் சொன்ன அறிவுரைக்கு நன்றி.

இப்படிக்கு,
கௌஸர்

அண்ணே, இதற்குக் கீழே எழுதுவது உங்கள் அக்கா சொன்னதல்ல. அவர் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் முகவரி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

மே 28, விடியுமுன் ஸஹர் உணவுக்கு எழுந்த அசதியில், மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தது. சமையல்காரம்மா எச்சரிக்கைப் பொத்தானை அமுக்கிவிட்டு, பயந்து பின்வழியாக ஓடிவிட்டார். சிவப்பு விளக்குகள் எல்லாம் மின்னத் தொடங்கின. மாடியில் இருந்தவர்களில் அதைப் பார்க்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. நான் வீட்டுக்குப் போய்விட்டேன். வாசலில் இருந்த பயூமி சாச்சா பார்த்தார். நோன்புக்கு இயக்குநர் உள்ளேயும் விளக்குத் தோரணம் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். தெருவில் போன தயிர்க்காரரைக் கூப்பிட்டு, “எங்க பொண்ணுங்களுக்கும் தோரணம் போட்டாச்சு பாருய்யா!” என்று காட்டினாராம்.

உங்கள் அக்காதான் சுவரில் சத்தம் கேட்டு எழுந்து இருபத்து மூன்று பேரையும் எழுப்பினார். முன்படியில் புகை. பின்படிக் கதவின் இரும்புத் தாழ்ப்பாள் சமையல்கட்டுச் சுவர்ச்சூட்டில் பழுத்திருந்தது. அதை வலது கையால் பிடித்து, திறக்கும்வரை விடவில்லை. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஆனால் அவருடைய மூன்று விரல் நுனிகளிலும் தோல் போய்விட்டது. உணர்ச்சி திரும்புமா என்று டாக்டர் சொல்லவில்லை.

பயூமி சாச்சாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எச்சரிக்கையைப் பார்த்தும் குரல் கொடுக்கவில்லை என்று விசாரணை. நான் எழுதியது அக்காவுக்குத் தெரிய வேண்டாம். — ஸிஹாம்


தோஹா,
24 ஜூன் 1986

அக்காவுக்கு,

ஸலாம். நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஸிஹாம் எழுதிவிட்டாள். அவள் மேல் கோபப்படாதே. இதைப் புள்ளியில் எழுதுகிறேன். வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. ஒரு விரலாவது ஆறும்வரை வைத்திரு.

அந்தத் தீ எச்சரிக்கை காது கேளாதவர்களுக்காகப் போட்டது. விளக்கு மட்டும்தான் உண்டு, மணி கிடையாது. பொத்தானை அமுக்கினேன், விளக்குகள் மின்னின, ‘பழைய அமைப்பு, நன்றாக இயங்குகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்ணால் பார்த்தேன், போதும் என்று நினைத்துவிட்டேன். பிறக்கும்போதே பார்வையில்லாத அக்காவோடு வளர்ந்தவன் நான். உனக்காகப் புள்ளி படித்தவன். அந்தக் கட்டடத்துக்கு யார் வரப் போகிறார்கள் என்று தெரிந்தவன். ஆனாலும் எனக்கு அன்று தோன்றவில்லை. என் தலையில் அன்றைக்கு விமானம்தான் இருந்தது.

மார்ச்சில் இங்கே அந்த மணி அடித்தபோதுதான் உறைத்தது. அந்தக் கணமே இயக்குநருக்குத் தந்தி அடித்திருக்க வேண்டும். அடித்தால் ஹாஜி மாட்டிக்கொள்வார், அவர் தம்பி என் விசாவைக் கிழிப்பார் என்று பயந்தேன். ஹாஜிக்கு எழுதிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு மட்டும் சில்வண்டைப் பற்றிச் சொன்னேன். என் அக்கா மட்டும் பிழைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறேன். இதை எழுதும்போதுதான் எனக்கே அது தெரிகிறது.

உன் விரலைத் தின்றவன் நான்தான். திட்டு. என்ன வேண்டுமானாலும் சொல். பேசாமல் மட்டும் இருக்காதே.

ரிஃப்அத்


தோஹா,
25 ஜூலை 1986

அக்காவுக்கு,

ஸலாம். ஒரு மாதமாயிற்று. உன்னிடமிருந்து புள்ளியிலும் இல்லை, மையிலும் இல்லை. நீ நலம் என்று உம்மா யாரிடமோ எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு எதுவுமே தெரியாது போலிருக்கிறது. என் கடிதம் வந்ததா என்று மட்டுமாவது சொல்லியனுப்பு.

ரிஃப்அத்


மன்சூரா,
19 ஆகஸ்ட் 1986

ரிஃப்அத்துக்கு,

ஸலாம். உடம்பு தேறிவருகிறது. புள்ளிகள் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இடது கையால் குத்துகிறேன்.

உன் கடிதம் ஜூலை ஐந்தாம் தேதியே வந்துவிட்டது. வலது கையை வைத்துப் பார்த்தேன். வெறும் தாள். வழுவழுவென்று ஒரு வெறும் தாள். அப்போதுதான் நான் அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை. “குடுங்கக்கா, நான் படிச்சுச் சொல்றேன்” என்றாள் தஹானி. வேண்டாம் என்றுவிட்டேன். இடது விரலைப் பழக்கினேன். அதற்கு எழுத்தே தெரியாது. ஆறு வயதில் கற்றதை மறுபடி முதலிலிருந்து கற்றேன். உன் ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. ‘என் அக்கா மட்டும் பிழைத்தால் போதும்’ என்ற வரியில் இரண்டு நாள் நின்றேன். தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எனக்கு முன்பே தெரியும், ரிஃப்அத். சில்வண்டு நிற்காமல் கத்தத் தொடங்கியதும் உன் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. முற்றத்தில் எல்லோரையும் எண்ணி முடித்துக் கையை வாளித் தண்ணீரில் வைத்தபோது அடுத்தது வந்தது. இவனுக்கு எப்படித் தெரியும்?

விசாரணைக்கு வந்த அதிகாரியும் அதையேதான் கேட்டார். “உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?” என்றார். “எங்களுக்குக் காது கூர்மை சார்” என்றேன். பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் எழுதினார்கள். என் தம்பியைக் காப்பாற்ற நான் சொன்ன பொய் அது. உன் விரலுக்கும் என் விரலுக்கும் நடுவில் இருந்ததை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டேன், அந்தத் தாழ்ப்பாளைப் பிடித்தது மாதிரி.

நேற்று பயூமி சாச்சா என்னைப் பார்க்க வந்தார். ஒரு கூடை அத்திப்பழம் கொண்டுவந்தார். அவர் உட்காரவில்லை. “நான் பாத்தேம்மா. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். அழகா இருக்குன்னு நெனச்சேன். இந்தக் கண்ணு இருந்து என்ன பிரயோஜனம்?” என்றார். அவர் அழுத சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. எனக்குத்தான் காது கூர்மையாயிற்றே. அந்த விளக்கு எதற்கு என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஆனால் குற்றம் தன்னுடையது என்று அவரே நம்பிவிட்டார். செப்டம்பர் இருபதாம் தேதி தீர்ப்பு. சிறை என்கிறார்கள்.

மருத்துவமனை வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. விரலில் உணர்ச்சி வந்தால் பார்க்கலாம் என்றார்கள். அதற்காக உன்னிடம் கோபப்பட்டுக்கொள்ளலாம், அது நம் இருவருக்குள் இருக்கிற விஷயம். மன்னித்தாயா என்று மட்டும் இப்போது கேட்காதே. எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

ஆனால் பயூமி சாச்சாவின் விஷயம் நம் இருவருக்குள் இருப்பதல்ல. செருப்புப் பெட்டி அட்டையில் ரகசியம் பேசிய வயது போய்விட்டது. நான் அந்த அதிகாரியிடம் போய் என் பொய்யைத் திருப்பி வாங்கிக்கொள்ளப் போகிறேன். அதற்கு முன் நீயாகச் சொன்னால் நல்லது.

எனக்கு இனிமேல் புள்ளியில் எழுதாதே. மையில் எழுது. எல்லோரும் படிக்கிற மாதிரி எழுது.

கௌஸர்


தோஹா,
1 செப்டம்பர் 1986
(மையில் எழுதியது)

மன்சூரா பார்வையற்றோர் பயிற்சி நிலைய இயக்குநர் அவர்களுக்கும், அவர் வழியாக விசாரணை அதிகாரி அவர்களுக்கும்,

ஸலாம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

அந்தக் கட்டடத்தின் பழைய அமைப்புகளைச் சோதித்துச் சான்றிதழில் கையெழுத்திட்ட மின்பணியாளன் நான். அங்கே உள்ள தீ எச்சரிக்கையில் விளக்கு மட்டுமே உண்டு, மணி இல்லை. பார்வையற்றவர்கள் தங்கப் போகும் இடம் என்று தெரிந்தும் அதை நன்றாக இயங்குகிறது என்று எழுதினேன். மார்ச் பத்தாம் தேதி என் தவறு எனக்குத் தெரிந்துவிட்டது. ஒப்பந்தக்காரருக்கு இரண்டு தடவை எழுதினேன், பதில் வரவில்லை. உங்களுக்கு எழுதவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை. சுவரில் கேட்கும் சத்தத்தைப் பற்றி என் சகோதரி கௌஸருக்கு நான்தான் முன்கூட்டியே எழுதினேன். அவர் அதை மறைத்தது எனக்காக.

காவலர் பயூமி மீது குற்றமில்லை. அவர் பார்த்த விளக்கு எதற்கானது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். நான் சொல்லவில்லை.

இதன் நகலை இங்குள்ள முதலாளியின் மேசையில் இன்று காலை வைத்தேன். “இன்னிக்கே பெட்டியைக் கட்டு” என்றார். கட்டிவிட்டேன். பதினான்காம் தேதி கெய்ரோ வந்து சேர்கிறேன். இருபதாம் தேதி தீர்ப்புக்கு முன் விசாரணையில் நேரில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
ரிஃப்அத்

இந்தத் தாளின் அடியில் மூன்று வரி புள்ளியில் இருக்கும். அது என் அக்காவுக்கு. அதையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதற்காக இங்கே மையிலும் எழுதுகிறேன்:

அக்கா, ஸிஹாமை இந்தக் கடிதத்தை முற்றத்தில் வைத்து உரக்கப் படிக்கச் சொல். பயூமி சாச்சாவைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வை. இந்த மூன்று வரியை மட்டும் நீ படி, இடது கைக்குப் பிடிபடட்டும் என்று கொஞ்சம் அழுத்தியே குத்தியிருக்கிறேன்.